வாசகர் கேள்வி – பதில்: வான் வண்டியில் குப்பை ஏற்றுமுன் பெர்மிட் எடுத்தீர்களா?

இங்கிலாந்தில் நாம் 'டிப்' என்று சொல்லிப் பழகிய வீட்டுக் கழிவு மறுசுழற்சி நிலையத்துக்கு வானோடு போய், உள்ளூராட்சிக் கவுன்சில் கொடுக்கும் நுழைவு அனுமதியான பெர்மிட் இல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கேள்விகள் இம்முறை நிறைய. காரில் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. வான், பிக்கப், ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிடுங்கள்.

கேள்வி: நான் வைத்திருப்பது சிட்ரோன் பெர்லிங்கோ. பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதே பெர்லிங்கோதான். அவரை உள்ளே விடுகிறார்கள், என்னிடம் மட்டும் பெர்மிட் கேட்கிறார்கள். இது என்ன நியாயம்? – எப்சம் வாசகர்

பதில்: பெயர் ஒன்றுதான், வண்டி வேறு. பெர்லிங்கோ இரண்டு வகையாக வருகிறது: பின்னுக்கு இருக்கையும் கண்ணாடி ஜன்னலும் உள்ள குடும்ப வண்டி ஒன்று, பின்பக்கம் தகரத்தால் மூடிய சரக்கு வான் மற்றது. வண்டியின் பதிவுச் சான்றான உங்கள் வி5சி லாக்புக்கை எடுத்து இரண்டு கட்டங்களைப் பாருங்கள். டி.5 என்ற கட்டத்தில் வண்டியின் உடல் வகை இருக்கும். ஜே என்ற கட்டத்தில் எம்1 என்று இருந்தால் பயணிகள் கார், என்1 என்று இருந்தால் 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டி. என்1 என்றால் பெரும்பாலான கவுன்சில்கள் பெர்மிட் கேட்கும். பின்னுக்கு நீங்களே ஒரு இருக்கை பூட்டிக்கொண்டாலும் லாக்புக்கில் மாறாதவரை அது வான்தான். எம்1 வண்டியிலும் பக்கவாட்டில் கடைப் பெயரோ தொழில் விளம்பரமோ எழுதியிருந்தால் நிறுத்திக் கேட்பார்கள்.

இதன் காரணம் தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 51ஆவது பிரிவில், அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் தங்கள் வீட்டுக் கழிவைக் காசில்லாமல் கொண்டுவந்து போட ஓர் இடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. குடியிருப்பவர்களுக்குத்தான், தொழில் செய்பவர்களுக்கு அல்ல. மறுபக்கத்தில், குப்பையை நிலத்தில் புதைப்பதற்கு 1996இல் வந்த நிலநிரப்பு வரி ஏறிக்கொண்டே போய், 2025 ஏப்ரலில் டன்னுக்கு 126.15 பவுண் ஆனது. தொழில்காரர் ஒருவர் வான் நிறையக் கொட்டிவிட்டுப் போனால் அந்தச் செலவு உங்களுடைய கவுன்சில் டாக்ஸில்தான் விழும். வாசலில் நிற்பவருக்குப் பையைப் பார்த்து அது யாருடைய குப்பை என்று சொல்ல முடியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது வண்டியின் வடிவம் மட்டும். அதனால்தான் கணக்கு வண்டியிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன், நிராகரித்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. எங்கே பிழை விட்டிருப்பேன்? – வாசகி, சரே

பதில்: முதலில் பார்க்க வேண்டியது, சரியான கவுன்சிலுக்குத்தான் அனுப்பினீர்களா என்பது. சரே போன்ற கவுண்டிகளில் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டி (பின்) எடுப்பது பரோ என்ற உள்ளூர்க் கவுன்சில், டிப்பை நடத்துவது மாவட்டம் முழுவதற்குமான கவுண்டி கவுன்சில். குப்பைத் தொட்டி எடுக்கும் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் பெர்மிட் தேடினால் கிடைக்காது. லண்டனுக்குள் இது வேறு மாதிரி: நியூஹாம், ரெட்பிரிட்ஜ், பார்கிங் அண்ட் டாகென்ஹாம், ஹேவரிங் ஆகிய நான்கு பரோக்களுக்கும் கிழக்கு லண்டன் கழிவு ஆணையம் பொது. குரொய்டன், கிங்ஸ்டன், மேர்டன், சட்டன் நான்கும் தென் லண்டன் கழிவுக் கூட்டமைப்பில் சேர்ந்தவை. கென்டில் இருப்பவர்கள் கவனியுங்கள், மெட்வே தனிக் கவுன்சில். ஜில்லிங்ஹாம்காரருக்குக் கென்ட் கவுண்டி பெர்மிட் கொடுக்காது.

அடுத்தது முகவரி. பொதுவாகக் கேட்பது இந்த ஆண்டின் கவுன்சில் டாக்ஸ் பில், ஓட்டுநர் உரிமம், லாக்புக். மூன்றிலும் ஒரே முகவரி இருக்க வேண்டும். வீடு மாறி ஆறு மாதமாகியும் உரிமத்தில் பழைய முகவரியை அப்படியே விட்டிருப்பவர்கள் நம்மிடையே பலர். பெர்மிட் கிடைக்காததை விடுங்கள், அதற்கே 1,000 பவுண் வரை அபராதம் உண்டு. வாகன, ஓட்டுநர் உரிம முகமையான டிவிஎல்ஏயில் முகவரி மாற்றக் கட்டணம் கிடையாது. லாக்புக் கம்பனி பெயரில் இருந்தாலும் தடங்கல்தான். வேலைக்குக் கொடுத்த வானை வீட்டுக்கும் பாவிப்பவர்கள், முதலாளியிடமிருந்து அதைச் சொல்லும் கடிதம் ஏற்கப்படுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

மூன்றாவது, இலக்கத்தகடு. பெர்மிட் அந்த இலக்கத்தோடு கட்டப்பட்டது. சைபரை 'ஓ' என்றும் ஒன்றை 'ஐ' என்றும் தட்டினால் வாசலில் உள்ள கமரா உங்கள் வண்டியை அடையாளம் காணாது. வண்டி மாற்றினால் பெர்மிட்டும் புதிதாக எடுக்க வேண்டும்.

பெர்மிட் கைக்கு வந்த பிறகும் இரண்டு விடயம் மிச்சம். ஒன்று, பல இடங்களில் வரும் நாளையும் நேரத்தையும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். பெர்மிட் இருந்தால் முன்பதிவும் ஆகிவிட்டது என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு, எல்லா நிலையமும் வானை ஏற்பதில்லை. சிலவற்றில் உயரத் தடைக் கம்பி இருக்கும். வண்டியின் உயரத்தைக் கூரையில் ஏணி வைக்கும் ராக்கோடு சேர்த்து அளந்துகொண்டு போங்கள், கையேட்டில் போட்டிருக்கும் உயரத்தில் ராக் சேராது. பல கவுன்சில்கள் ஆண்டுக்கு இத்தனை வருகை என்று எண்ணித்தான் கொடுக்கின்றன. அரை வானோடு போனாலும் ஒரு வருகை கழிந்துவிடும், ஆகவே சேர்த்து வைத்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வீடு மாறுவதற்கு ஒரு நாள் மட்டும் வான் வாடகைக்கு எடுக்கிறேன். அதற்கும் பெர்மிட்டா? – ஹரோ வாசகர்

பதில்: வாடகை வானுக்குப் பல கவுன்சில்கள் தனி வழி வைத்திருக்கின்றன. வாடகை நிறுவனங்கள் இலக்கத்தகட்டை அன்று காலையில்தான் சொல்வார்கள், அதனால் முன்கூட்டி விண்ணப்பிக்க முடியாது என்பது கவுன்சிலுக்கும் தெரியும். விண்ணப்பத்தில் 'வாடகை வண்டி' என்ற தெரிவு இருக்கிறதா பாருங்கள். வாசலில் காட்ட வேண்டியது வாடகை ஒப்பந்தம், அதில் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் இருக்க வேண்டும். மச்சான் பெயரில் எடுத்த வானை நீங்கள் ஓட்டிக்கொண்டு போனால் அந்தக் காகிதம் உதவாது. லூட்டன் எனப்படும் பெட்டி வானை இதற்கு எடுக்காதீர்கள், உயரக் கம்பிக்குள் அது நுழையாது. நீள அடியுள்ள, கூரை தாழ்ந்த வானே போதும்.

கேள்வி: குளியலறையை நானே உடைத்துப் புதுப்பிக்கிறேன். டைல், பாத்டப், சுவர்ப் பலகை எல்லாம் கிடக்கிறது. பெர்மிட் இருக்கிறது. ஆனால் 'கட்டடக் கழிவுக்குக் காசு' என்கிறார்கள். – மிட்சம் வாசகர்

பதில்: இங்கே சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அளவு மீறாதவரை. 2023 டிசம்பர் 31இலிருந்து இங்கிலாந்தில், வீட்டில் இருப்பவர் தன் கையால் செய்த சிறு வேலையின் கழிவுக்குக் கவுன்சில் காசு வாங்க முடியாது. நிபந்தனை இதுதான்: ஒரு தடவைக்கு 50 லீட்டர் பை இரண்டு, அல்லது 2,000 × 750 × 700 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஒரு பொருள். நான்கு வாரத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு தடவை. 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். பாத்டப் கொண்டுபோகும் நாளில் டைல் பைகள் அதோடு சேராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 சதுர மீட்டர் சுவர் டைல், பசையோடு ஒரு சென்டிமீட்டர் தடிப்பு என்றால் 150 லீட்டர். உடைந்ததும் இடைவெளி விழுந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், அதாவது 225 லீட்டர், ஐந்து பை. அதற்கு மூன்று பயணம், பாத்டப்புக்கு ஒன்று. நான்கு வாரத்துக்கான நான்கும் அதோடு முடிந்தது. கொமோடும் பேசினும் அடுத்த நான்கு வாரத்துக்கு. இப்படி முன்பே பிரித்து வைத்தால் வாசலில் வாக்குவாதம் வராது.

50 லீட்டர் பையை டைலால் நிரப்பினால் ஒன்று 60 கிலோவுக்குக் கிட்ட வரும். முதுகு போய்விடும், பையும் கிழியும். சிறிய பைகளில் பிரித்துப் போடுங்கள், மொத்தம் 100 லீட்டர்தான் என்று பணியாளருக்கு இறக்கும் முன்பே சொல்லுங்கள்.

சுவர்ப் பலகை, அதாவது பிளாஸ்டர்போர்ட், தனிப் பையில் வர வேண்டும். அதிலுள்ள ஜிப்சம், மக்கும் குப்பையோடு நிலத்துக்குள் போனால் ஹைட்ரஜன் சல்பைட் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் நச்சு வாயு அது. ஒரு துண்டு கலந்திருந்தாலும் பையைத் திருப்பிவிடுவார்கள்.

2000க்கு முன் கட்டிய வீடென்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அஸ்பெஸ்டஸ் (கல்நார்) என்ற ஆபத்தான நார்ப்பொருள் முழுதாகத் தடையானது 1999இல்தான். கூரையில் சுழிசுழியாகப் பூசியிருக்கும் ஆர்டெக்ஸ், பழைய தரை ஓடு, கராஜின் சிமெந்துத் தகடு ஆகியவற்றில் அது இருக்கலாம். சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், கவுன்சிலிடம் தனியாக வழி கேளுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இன்னும் வலியுறுத்திச் சொல்கிறோம்.

இந்தச் சலுகை நீங்களே செய்த வேலைக்கு மட்டும். கூலிக்கு ஆள் பிடித்துச் செய்தால் அது அவருடைய தொழில் கழிவு. 'உன் பெர்மிட்டில் கொண்டுபோய்ப் போடு, நான் 50 பவுண் குறைக்கிறேன்' என்று அவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வாடகைக்கு விட்ட வீட்டில் இருந்தவர்கள் மெத்தை, அலுமாரி எல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் பெர்மிட்டில் கொண்டுபோகலாமா? கடை மட்டைப் பெட்டிகளும் கொஞ்சம் இருக்கின்றன. – இல்ஃபோர்ட் வாசகர்

பதில்: இரண்டுமே முடியாது. வீட்டை வாடகைக்கு விடுவது தொழில் என்பதால் உரிமையாளர் அகற்றும் பொருளைக் கவுன்சில்கள் வணிகக் கழிவாகவே பார்க்கின்றன. குடியிருந்தவரே, இருக்கும்போதே, தன் பெயரில் கொண்டுபோயிருந்தால் அது வீட்டுக் கழிவு. வெளியேறும் மாதத்திலேயே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். கடை மட்டைக்கு வணிகக் கழிவு ஒப்பந்தம் வேண்டும்.

கேள்வி: பழைய சோபா, பொரித்த எண்ணெய், காஸ் சிலிண்டர் – மூன்றையும் ஒரே தடவையில் போடலாமா? – வெம்ப்ளி வாசகி

பதில்: சோபாவை முழுதாகக் கொண்டுபோங்கள். பழைய சோபாக்களின் துணியிலும் பஞ்சிலும் தீத்தடுப்பு இரசாயனங்கள் இருப்பதால் 2023 ஜனவரியிலிருந்து கவுன்சில்கள் அந்தச் சோபாக்களைத் தனியே எடுத்து எரிக்க வேண்டும். வானில் இடம் பிடிக்கிறது என்று கிழித்தால் அந்தத் தூசு உங்கள் வீட்டுக்குள்தான் பறக்கும். எண்ணெயை ஆறவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றுங்கள். எஞ்சின் எண்ணெயோடு கலக்காதீர்கள், கலந்தால் இரண்டு தொட்டியிலும் ஏற்கமாட்டார்கள். காஸ் சிலிண்டர் பெரும்பாலும் நிரப்பிக் கொடுத்த கம்பனியின் சொத்து, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். கடைசியில் ஏற்றியதுதான் முதலில் இறங்கும். மரம், இரும்பு, மின்சாதனம் என்று பிரித்து ஏற்றினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். கறுப்புப் பைகளில் கலந்து கட்டிப்போனால், அங்கேயே பிரித்துப் போடச் சொல்வார்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லைக்கு, 60 பவுணுக்கு எடுத்துப் போகிறேன் என்று ஃபேஸ்புக்கில் சொல்பவரிடம் கொடுத்துவிட்டால் என்ன? – ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: அவரிடம் கழிவு ஏற்றும் பதிவு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். இல்லையென்றால் ஆபத்து உங்களுக்குத்தான். பதிவு எண்ணைக் கேளுங்கள், சிபிடியூ (CBDU) என்று தொடங்கும். அதைச் சுற்றுச்சூழல் முகமையின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். அவர் சொல்லும் பெயரும் அங்கிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள், வானின் இலக்கத்தகட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

அவர் அதை ஏதோ ஒரு சந்தில் கொட்டிவிட்டால், கவுன்சில் ஆட்கள் பையைக் கிளறி முதலில் தேடுவது கடித உறை. உங்கள் முகவரி போட்ட பழைய மின்கட்டணப் பில் ஒன்று கிடைத்தால் போதும், விசாரணைக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். பதிவில்லாதவரிடம் கொடுத்த குற்றத்துக்கு வீட்டுக்காரருக்கு 600 பவுண் வரை உடனடி அபராதம் விதிக்கலாம். கொட்டியவருக்கு அது 1,000 பவுண் வரை, வழக்குக்குப் போனால் சிறைத்தண்டனையும் உண்டு. ஏற்கனவே கொடுத்துவிட்டீர்களென்றால், அவரோடு பேசிய செய்திகளையும் காசு அனுப்பிய விபரத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.