மாலத்தீவுல கிறிஸ்தவங்க இருக்காங்களா, சர்ச் ஏன் இல்ல?

இருக்காங்க, ஆனா குடிமக்களா இல்ல. இந்தியா, இலங்கை, பிலிப்பைன்ஸ்ல இருந்து வேலைக்கு போனவங்கதான், அதுல நம்ம ஊர் டீச்சர், நர்ஸ்களும் உண்டு. காரணம் சட்டம்: 2008 அரசியலமைப்போட 9வது பிரிவுபடி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை வாங்க முடியாது. 1153ல ராஜா பௌத்தத்துல இருந்து இஸ்லாத்துக்கு மாறினதுல இருந்தே மதமும் நாடும் ஒண்ணுன்னு ஆகிடுச்சு, அதனால வெளிநாட்டுக்காரங்க ரூமுக்குள்ள ஜெபம் பண்ணிக்கலாம், வெளிய சர்ச் கட்டறதோ உள்ளூர்க்காரங்க கிட்ட மதம் பேசறதோ கூடாது. கறாரான ஹவுஸ் ஓனர் வீட்டுல குடியிருக்கற மாதிரிதான், உள்ள இருக்கலாம், சுவத்துல ஆணி அடிக்க கூடாது.

முஸ்லிம் தீவு நாடுன்னாலே இப்படித்தான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு, பஹ்ரைன்ல 1939லயே கத்தோலிக்க சர்ச் கட்டிட்டாங்க, 2021ல ராஜா குடுத்த நிலத்துல பெரிய கதீட்ரலே திறந்தாங்க.