பழைய பெரிய இன்ஜின் பைக்கை ஓட்டாமல் பத்திரமாக நிறுத்தி வைத்தால் நீண்ட நாள் உழைக்குமா?

உழைக்காது. ஓடாமல் நிற்பதுதான் இந்த வண்டிகளுக்குப் பெரிய எதிரி.

1969இல் வந்த ஹோண்டா சிபி750ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 736 சிசி, நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்). மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் ஆவியாகி, அடியில் பிசின் மாதிரி படியும். ஆக்சிலரேட்டர் முறுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது (ஐடிலிங்) பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது அடைத்துக்கொண்டால் ஐடிலிங்கில் அந்த சிலிண்டர் எரியாது. எது என்று தெரிய, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் கழித்து நான்கு சைலன்சர் குழாய்களிலும் இன்ஜினை ஒட்டிய இடத்தில் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்றில் சுர்ரென்று ஆவியாகும், ஒன்றில் சும்மா வழியும்.

வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதும் நல்லதல்ல. இன்ஜின் முழுச்சூடு ஏறாததால் எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலேயே தங்கிவிடும். எடுத்தால் அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர்களை வடித்துவிடுங்கள்.

அப்புறம் டயர். பட்டன் (டயரின் மேல்புறக் கட்டைகள்) தேயாவிட்டாலும் ரப்பர் கெட்டியாகிவிடும், ஈரச்சாலையில் பிடிக்காது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பத்து வயது தாண்டிய டயரில் இவ்வளவு கனமான வண்டியை தயவுசெய்து ஓட்டாதீர்கள்.