கேள்வி-பதில்: கீறல் விழுந்த கத்திகள்

கேள்வி: இரும்பு நாரால் தேய்த்ததில் புதுக் கத்தியின் இரு பக்கமும் கீறல். வீட்டிலேயே மெருகேற்றலாமா? — வாசகி, செம்பூர்

பதில்: ஏற்றலாம், ஒரு மாலைப் பொழுது ஒதுக்குங்கள். மும்பை நாக்தேவி தெருவில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் 400, 600, 800, 1000 ஆகிய நம்பர்களில் கிடைக்கும். நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும், 400-இல் தொடங்கி வரிசையாகப் போங்கள். கூர் விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டி, கத்தியை மரப்பலகையில் படுக்கவையுங்கள். கையில் தூக்கிப் பிடித்துத் தேய்த்தால் விரல் போகும். தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, பாத்திர சோப்பு ஒரு துளி விட்ட தண்ணீரில் நனைத்து, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வட்டமாக வேண்டாம். அடுத்த நம்பருக்குப் போகும்போது திசையைச் சற்றுச் சாய்த்தால் முந்தைய தாளின் கோடுகள் தனியாகத் தெரியும். அவை முழுக்க மறையும்வரை அந்தத் தாளை விடாதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். கடைசித் தாளைப் பிடியிலிருந்து முனை நோக்கி நீளவாக்கில் இழுங்கள். 1000-த்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடிபோல் மின்னும் அலகில் அடுத்த கீறல் உடனே கண்ணில் படும். மங்கலான மெருகில் அது கோடுகளோடு கோடாக அடங்கிவிடும்.

கேள்வி: கறுப்புப் பூச்சு உள்ள கத்திக்கும் இதே முறைதானா? — வாசகர், முலுண்ட்

பதில்: இல்லை. தேய்த்தால் பூச்சுதான் உரியும்.

கேள்வி: துளையிடும் இயந்திரத்தில் தேய்ப்பு வட்டு மாட்டிக் கத்தியை மெருகேற்றினேன். விளிம்பு நீலமாகிவிட்டது, கூர் நிற்கவில்லை. கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? — வாசகர், தாராவி

பதில்: எந்த நியாயத்தில் கேட்பீர்கள், தம்பி? எஃகு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் அந்த நீலம் வரும். விளிம்பின் கடினத்தன்மை போய்விட்டது, அதனால்தான் கூர் நிற்கவில்லை. மெருகு போட்டால் நிறம் போகும், கடினம் திரும்பாது. நீலம் ஏறிய பகுதி முழுவதையும் ஈரக் கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுப்பது ஒன்றே வழி. பழி உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல.

கேள்வி: இணையத்தில் 4,500 ரூபாய்க்கு 'டமாஸ்கஸ்' கத்தி வாங்கினேன். கீறலைப் போக்க லேசாகத் தேய்த்ததும் அலைக்கோடுகள் அழிந்துவிட்டன. தவறு என்னுடையதா? — வாசகி, மாட்டுங்கா

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இருவகை எஃகை அடுக்கிக் காய்ச்சி அடித்த கத்தியில் கோடு உலோகத்துக்குள்ளேயே ஓடும். தேய்த்தால் மங்கும், நீர்த்த ஃபெரிக் குளோரைடில் நனைத்தால் மறுபடி எழும். சர்க்யூட் பலகை அரிக்கப் பயன்படும் அந்த இரசாயனம் லாமிங்டன் சாலையில் கிடைக்கும். கையுறை அவசியம். நனைக்கும் முன் கத்தியையும் விளம்பரத்தையும் படமெடுத்து வையுங்கள். கோடு எழவில்லையென்றால் லேசரால் மேலே வரைந்து விற்றிருக்கிறார்கள் என்று பொருள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். அங்கே தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

இதில் என் மனக்குறை பழையது. கத்திப் பெட்டிகளில் விலை இருக்கிறது, தயாரித்த மாதம் இருக்கிறது, முகவரி இருக்கிறது. எந்த எஃகு என்பது மட்டும் இருப்பதில்லை. 'உயர்தர எஃகு' என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். மினுமினுப்பை நம்பி ஆறு கத்திகள் கொண்ட பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். மூன்றாம் வாரம் தக்காளித் தோலில் கத்தி வழுக்கியது. பிடி ஓரத்தில் ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள். தேய்த்தேன், மறுபடி வந்தன. அன்றிலிருந்து எஃகின் வகையைக் கேட்காமல் நான் கத்தி வாங்குவதில்லை. பதில் சொல்லத் தெரியாத கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: பாட்டியின் பழைய இரும்புக் கத்தி கறுத்துக் கிடக்கிறது. பளபளப்பாக்கலாமா? — வாசகர், சயன்

பதில்: வேண்டாம். அந்தக் கறுப்புப் படலம் இரும்பை ஓரளவு காக்கிறது. செந்துரு தெரியும் இடத்தை மட்டும் 1000 நம்பர் தாளால் எடுத்துவிட்டு, நன்றாகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். எலுமிச்சை நறுக்கினால் உடனே கழுவிவிடுங்கள்.