தையல் போட்ட காலில் வலியே இல்லை என்கிறார் அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. பத்து வருடங்களுக்கு மேலாக நீரிழிவு. ஒன்பது நாட்களுக்கு முன் தேங்காய்த் திருவலை வழுக்கிப் புறங்காலில் விழுந்து வெட்டிவிட்டது. வைத்தியசாலையில் ஆறு தையல் போட்டு, ஏற்பு வலி (டெட்டனஸ்) தடுப்பூசியும் ஏற்றினார்கள். இப்போது ஓர் ஓரத்தில் மஞ்சள் நீர் கசிகிறது, அரிக்கிறது, கட்டை அவிழ்த்தால் மணக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றித் துடைக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணா சொன்னபடி, வீட்டில் மிஞ்சிக் கிடந்த அன்டிபயோட்டிக் கப்சியூலை உடைத்துத் தூவுகிறேன். மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்திவிட்டோம். குளிக்கலாமா? தழும்பு விழுமா? ஆடிவேலுக்கு நடக்கலாமா? நல்லவேளை, வலி கொஞ்சமும் இல்லை என்கிறார். பெரிய மாமாவுக்கும் இப்படிச் சின்னக் காயத்தில் தொடங்கித்தான் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இணையத்தில் படங்களைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.
(வெள்ளவத்தை வாசகி)

பதில்: வெட்டுப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக எந்த வைத்தியரும் காலை எடுப்பதில்லை. நீரிழிவு உள்ளவர்களின் கால் பறிபோவதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு சங்கதிகள் இருக்கும். பாதம் மரத்துப்போனதால் யாரும் கவனிக்காமல் விட்ட கிருமித்தொற்று ஒன்று. காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டிருப்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்த காலில் செருப்புக் கடித்த கொப்புளமே போதும். உங்கள் பெரிய மாமாவுக்கு நடந்தது என்னவென்று அவருடைய வைத்தியசாலைக் குறிப்புகளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் உரிய நேரத்தில் தையல் போடப்பட்டு, ஊசியும் ஏற்றப்பட்டு, தினமும் ஒருவர் கட்டவிழ்த்துப் பார்க்கிற காயத்துக்கு அந்த முடிவு நேர்வது அரிது. அந்தப் படங்களை மூடிவிடுங்கள். நன்றாக ஆறிய காலை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

என்னை நிறுத்தியது நீங்கள் ‘நல்லவேளை’ என்று எழுதிய வரி. ஒன்பதாம் நாளில் வலி குறைந்திருப்பது இயல்புதான். ஆனால் இரும்புப் பல் புறங்காலில் இறங்கிய அன்றாவது அம்மாவுக்கு வலித்ததா? இரத்தத்தைக் கண்ட பிறகுதான் வெட்டியதே தெரிந்தது என்றால், பத்து வருட நீரிழிவு அவருடைய பாத நரம்புகளில் கைவைத்துவிட்டது. அப்படிப்பட்ட காலில் வலி இல்லாததை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. காயம் சீழ் பிடித்தாலும் அந்தக் கால் முறையிடாது. வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வேண்டாம். ஒரு விரலை ஒரு முறை மட்டும் தொட வேண்டும். தொடுவது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்லட்டும். ஆறு விரல்களில் இரண்டிலோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அதன்பிறகு ‘வலிக்கிறதா அம்மா?’ என்ற விசாரிப்பை நம்பாமல் உங்கள் கண்ணையும் கையையும் நம்புங்கள்.

எதைப் பார்ப்பது? இத்தனை கேட்ட நீங்கள், காயத்தைச் சுற்றியுள்ள தோலைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் அருகில் இருந்தால் முதலில் அதைத்தான் பார்த்திருப்பேன். தையல் ஓரமாக மெல்லிய சிவப்பு முதல் சில நாட்கள் இருக்கும்; பிறகு நாளுக்கு நாள் மங்க வேண்டும். இத்தனை நாளுக்குப் பிறகு அது அகலமாகிறது என்றால் கிருமி தோலுக்கு அடியில் பரவுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய நிறத்துத் தோலில் அந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரியும் என்றில்லை. கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ இருக்கலாம். தோல் வீங்கி, இழுபட்டு மினுங்கலாம். வெள்ளைக்காரர்களின் கால் படங்களைப் பார்த்துவிட்டு அதே நிறத்தை அம்மாவின் காலில் தேடினால் கிடைக்காது. அதனால் பகல் வெளிச்சத்தில் யன்னல் ஓரம் உட்காரவைத்து, இரண்டு பாதங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் புறங்கையைக் காயத்தைச் சுற்றியும், மற்றக் காலில் அதே இடத்திலும் மாறி மாறி வையுங்கள். ஒரு பக்கம் தெளிவாகச் சூடாக இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும்.

நிறம் மாறியோ சூடாகவோ இருக்கும் பகுதி எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அதன் வெளி ஓரத்தைச் சுற்றிக் குமிழ்முனைப் பேனையால் ஒரு கோடு வரையுங்கள். பக்கத்தில் திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். காலையிலும் இரவிலும் பாருங்கள். கோடு தாண்டிவிட்டதா? அன்றைக்கே போக வேண்டும். திங்கட்கிழமை கிளினிக் வரட்டும் என்று இருப்பதும், அண்ணாவுக்குப் படம் அனுப்பிவிட்டு அவர் விழிக்கும்வரை காத்திருப்பதும் வேண்டாம். களுபோவில வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம். கொழும்பு தேசிய வைத்தியசாலையும் எட்டாத தூரமில்லை. வெளிநோயாளர் பிரிவு மூடியிருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காயத்திலிருந்து காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலும், சீழ் வந்தாலும் இதே அவசரம்தான். நடுக்கத்தோடு காய்ச்சல், புரியாத பேச்சு, தோல் கறுத்துக் கொப்புளிப்பது, தொட்டால் தோலுக்கடியில் நொறுநொறுவென்று உணர்வது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். சாப்பாடும் மருந்தும் மாறாமல் சீனி மட்டும் ஏறிக்கொண்டே போனால், வலிக்காத காலில் தொற்று இருப்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

மற்றவை சில்லறை. வைக்கோல் நிறத்தில் தெளிவாகக் கசியும் நீர், கட்டுத்துணியில் சிறு கறையாக நின்றால் சீழ் இல்லை. தடிப்பாக, கலங்கலாக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருவதுதான் சீழ். அரிப்பு ஆறுவதன் பகுதி. சொறியாமல் பார்த்துக்கொண்டால் போதும். மணம்? கொழும்பின் புழுக்கத்தில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த கட்டு பூவாகவா மணக்கும்! கழுவிய பிறகு மறுபடி முகர்ந்து பாருங்கள். அப்போதும் நாற்றம் போகாமல் இருந்தால்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தழும்பு விழும், ஒரு வருடத்தில் மங்கும். குளிக்கலாம். ஓடும் நீர் படலாம், வாளியில் காலை ஊறவைக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், விரல் இடுக்குகளையும் சேர்த்து. மழை வெள்ளம் நிற்கும் தெருவில் மட்டும் அந்தக் காலை வைக்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி வெட்டுக்காயம் வழியாகத்தான் இலகுவாக நுழையும்.

இனி உங்கள் வைத்தியம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துக் கிருமி செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள். இரத்தத்திலும் சதையிலும் உள்ள ஒரு நொதி அதை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது; நுரை அவ்வளவுதான். அதோடு, ஆறுவதற்காகப் புதிதாக முளைக்கும் கலங்களையும் அது கருக்கிவிடுகிறது. ஸ்பிரிட்டும் கலக்காத டெட்டோலும் அப்படியே. இன்றோடு நிறுத்துங்கள். குடிக்கத் தகுந்த குழாய் நீரே இந்தக் காயத்துக்குப் போதும். முதலில் உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு காயத்தின் மேல் நீரை மெதுவாக ஓடவிட்டு, ஒற்றி, ஒட்டாத வகைக் கோஸ் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ‘காற்றுப் படட்டும்’ என்று திறந்துபோட்டுக் காயவைக்க வேண்டியதில்லை. மூடி ஈரப்பதத்தோடு வைத்த மேற்தோல் காயங்கள், காயவிட்டவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடுவதை 1962இலேயே ஜோர்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் காட்டிவிட்டார். அறுபது வருடங்களுக்கு மேலாகியும் நம் வீடுகளுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

கப்சியூல் தூள் பற்றி என்ன சொல்ல? அது வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலப்பதற்காகச் செய்யப்பட்டது. காயத்தின் மேல் அது மாவாகக் கட்டிபட்டு அழுக்கைத்தான் பிடித்துவைக்கும். உடம்பு அந்த மருந்துக்கு ஒவ்வாமை பழகிக்கொண்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் அதைக் கொடுக்க முடியாது. அரைகுறை மருந்தில் தப்பிய கிருமி அதற்கு அசைந்துகொடுக்காது. வைத்தியரின் சீட்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது என்று நாட்டில் சட்டம் இருக்கிறது. அலுமாரியில் மிஞ்சியதை எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களை எந்தச் சட்டம் பிடிக்கும்? அண்ணாவின் அக்கறையில் குறை சொல்லவில்லை. ஆனால் கனடாவிலிருந்து அவர் தன் புறங்கையை அம்மாவின் காலில் வைத்துப் பார்க்க முடியாது.

மீனையும் முட்டையையும் நிறுத்தியதுதான் உங்கள் வீட்டில் நடந்த உண்மையான கெடுதல். புண்ணைக் கிளறும் ‘கிரந்தி’ உணவு என்று பயந்து, அம்மாவை ரசமும் பாணும் சாப்பிடவைத்திருப்பீர்கள். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். பாண் சீனியைத்தான் ஏற்றும். சூடை மீன், முட்டை, பருப்பு, கீரை, ஒரு துண்டு கொய்யா எல்லாம் கொடுங்கள். சிறுநீரக வருத்தம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் மட்டும் புரத அளவை அவருடைய வைத்தியரிடம் கேளுங்கள். கத்தரிக்காய் முன்பு எப்போதாவது அவருக்குத் தடிப்பை உண்டாக்கியதா? இல்லையென்றால் அதற்கும் புண்ணுக்கும் பகை இல்லை.

ஆடிவேலுக்கு இந்த முறை தேரை வீதியோரம் கதிரையில் இருந்தே கும்பிடட்டும். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை வெறுங்காலில் நடப்பது, காயம் ஆறியிருந்தாலும் மரத்த பாதத்துக்கு ஆகாது. வெயிலில் கொதிக்கும் தார் தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. கொப்புளத்தை நீங்கள்தான் இரவில் கண்டுபிடிப்பீர்கள்.

பாதத்தில் போட்ட தையலை வழக்கமாக 10 முதல் 14 நாட்களுக்குள் வெட்டுவார்கள். நீரிழிவு இருந்தால் சிலர் இன்னும் சில நாள் விட்டுவைப்பார்கள். துண்டில் எழுதிக்கொடுத்த நாளில் போங்கள். வீட்டுக் கத்தரிக்கோலைத் தொட வேண்டாம். போகும்போது மூன்று விடயங்களைக் கேட்டு வாங்குங்கள்: பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும், உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும், கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதித் தர வேண்டும். வைத்தியர் அவசரத்தில் இருந்தால் பெரிய மாமாவின் கதையைச் சொல்லுங்கள்.