பிராந்தி மணக்கும் பழப்பாகு

கேள்வி: பீச், செர்ரிப் பழங்களைப் பிராந்தி சேர்த்த சர்க்கரைப் பாகில் போட்டு வைத்தேன். பழங்கள் மிதக்கின்றன, மணமும் இல்லை. ஏன்?

பதில்: ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், பாகைக் காய்ச்சி இறக்கி, நெருப்பை விட்டுத் தள்ளி வைத்த பிறகே பிராந்தியை ஊற்ற வேண்டும், அடுப்பின்மேல் ஊற்றினால் மணம் போவதோடு தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. சதைக்குள் தங்கியிருக்கும் காற்றினால்தான் பழம் மிதக்கிறது. பிராந்தி சேர்க்குமுன் பாகிலேயே சில நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டால், காற்று சிறுசிறு குமிழிகளாக வெளியேறி, சதை கண்ணாடிபோல் தெளிந்து, பழம் ஓரளவு கீழே இறங்கும். மணத்துக்காகச் சேர்க்கும் சிறிதளவு பிராந்தி பழத்தைக் கெடாமல் காத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கொதிநீரில் சுத்தப்படுத்திய கண்ணாடிக் குப்பியில், பழம் பாகில் முழுதும் அமிழும்படி நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டொரு வாரங்களுக்குள் பயன்படுத்துங்கள். பாகு நுரைத்தாலோ மூடி உப்பினாலோ சுவைத்துப் பார்க்காமலே கொட்டிவிடுங்கள்.