பிரெஞ்சு ஹோர்ன் பழகுகிறவர்களுக்கு: மலையகத்துக் கேள்விகள், பதில்கள்

ஹட்டன் மாணவன்: மாஸ்டர், பாடசாலை பேண்டில் ட்ரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஹோர்ன் தந்திருக்கிறார்கள். விரல் சரியாகத்தான் வைக்கிறேன், ஆனால் வேறு ஸ்வரம் வருகிறது. ஏன்?

தம்பி, பிழை விரலில் இல்லை. எஃப் சுருதியில் அமைந்த ஹோர்னின் சுருண்ட குழாயை நீட்டினால் ஏறக்குறைய 12 அடி வரும். ட்ரம்பெட் நாலரை அடிதான். குழாய் நீள நீள, ஒரே விரல் வைப்பில் பல ஸ்வரங்கள் நெருங்கி நிற்கும். விரலால் அழுத்தும் வால்வு எதையும் அழுத்தாமலே ஸ, க, ப, மேல் ஸ எல்லாம் வரும். அதற்கும் மேலே போனால் ரி, க என்று அடுத்தடுத்தே இருக்கும். அதில் எதைப் பிடிப்பது என்பது உதட்டின் வேலை, உதட்டுக்கு வழி காட்டுவது காது. ஆகவே ஊதுமுன் அந்த ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடுங்கள். கூச்சம் வேண்டாம். பிறகு உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸில் மட்டும் அதையே ஊதிப் பாருங்கள், அப்புறம் ஹோர்னில். மவுத்பீஸ் மேல் உதட்டில் மூன்றில் இரண்டு பங்கும் கீழ் உதட்டில் ஒரு பங்கும் இருக்கட்டும். உயரமான ஸ்வரத்துக்காக உதட்டில் அழுத்தி நசுக்காதீர்கள். வால்வுகள் இடது கைக்கு மாறியதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

நுவரெலியா அக்கா ஒருவர்: காலையில் தேவாலயத்தில் வாசித்தால் ஓர்கனோடு சுருதி சேரவில்லை, கீழே இறங்கி நிற்கிறது.

குளிர்தான். குழாய்க்குள் இருக்கும் காற்று 10 பாகை குளிர்ந்தால், சுருதி ஒரு செமிடோனில், அதாவது அரை ஸ்வர இடைவெளியில், மூன்றில் ஒரு பங்களவு இறங்கும். சத்தம் வராமல் சூடான மூச்சைச் சில நிமிடம் உள்ளே விடுங்கள். ஸ்லைடை, அதாவது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் நகரும் குழாயை, நகர்த்துவது அதற்குப் பிறகுதான். முதலிலேயே உள்ளே தள்ளினால், பாதிப் பாட்டில் ஹோர்ன் சூடாகிச் சுருதி மேலே போய்விடும். வலது கை ஹோர்னின் விரிந்த வாயான மணிக்குள் அதிகம் அடைத்திருந்தாலும் சுருதி இறங்கும், அதையும் கவனியுங்கள்.

பதுளைத் தம்பி: மாமா நாதஸ்வரம் வாசிக்கிறவர். அவரிடமே ஆரம்பிக்கலாமா?

மூச்சுக்கும் ஸ்வர ஞானத்துக்கும் தாராளமாக. பாடிவிட்டு ஊதும் பழக்கத்துக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஆனால் அங்கே சீவாளி அதிர்கிறது, இங்கே உதடே அதிர வேண்டும். அதற்கு ட்ரம்பெட்டோ ட்ரொம்போனோ தெரிந்த ஒருவரையும் பாருங்கள்.

மஸ்கெலியா: தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருக்கிறோம். பக்கத்துக் காம்பராவில் கைக்குழந்தை.

சத்தத்தை அடக்க மணிக்குள் செருகும் பிராக்டிஸ் மியூட் போடலாம், ஆனால் எந்நேரமும் வேண்டாம், ஊதுவது இறுக்கமாகிவிடும். நீளமான ஸ்வரங்களைப் பகலில் வெளியே போய் ஊதுங்கள். ஆரம்பத்தில் ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போதும். உதடு தளர்ந்த பிறகு ஊதினால் கெட்ட பழக்கம்தான் ஒட்டும்.

பண்டாரவளைத் தாய் ஒருவர்: மகளுக்குப் பத்து வயது. பழைய ஹோர்ன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது?

இந்த வயதுக்கு இரண்டு தொகுதிக் குழாய் உள்ள டபுள் ஹோர்ன் பாரம், ஒரே தொகுதி உள்ள சிங்கிள் போதும். வால்வுகள் சிக்காமல் சுழல வேண்டும். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை முழுதும் கழற்றாமல் கொஞ்சம் வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள்; 'டப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. வால்வை இழுக்கும் நூல் அறுந்திருந்தால் பயப்பட வேண்டாம், வீட்டிலேயே கட்டிவிடலாம். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே அரிப்பு இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். ஸ்லைட் இறுகியிருந்தால் குறடு போட்டு இழுக்காமல், திருத்துகிறவரிடம் காட்டி, அதற்கு எவ்வளவு ஆகும் என்று கேட்ட பிறகு விலை பேசுங்கள்.