பெயர்களால் கட்டிய கப்பல்

கேள்வி: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் அரபு எழுத்துகளால் வரைந்த கப்பல் ஓவியம் ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதில் எழுதியிருப்பது என்ன? பாட்டின் எழுத்துகளைத் தேர் வடிவக் கட்டங்களில் அடைக்கும் நம் ரதபந்தம் போன்ற சித்திரகவியா அது? உருவம் வரையத் தடை இருந்ததால்தான் இப்படிச் செய்தார்களா?
— வாசகி ஒருவர், திருச்சி

பதில்: உதுமானியத் துருக்கியைச் சேர்ந்த அப்துல் காதிர் ஹிஸாரி என்ற எழுத்தோவியர், ஹிஜ்ரி 1180இல், அதாவது கி.பி. 1766–67இல், காகிதத்தில் மையும் பொன்னும் கொண்டு தீட்டியது அது. தாள் ஏறத்தாழ 48 செ.மீ. உயரம், 43 செ.மீ. அகலம். கப்பலின் உடற்பகுதி, குகைத்தோழர் எழுவரின் பெயர்களாலும் அவர்களுடைய நாயின் பெயராலும் ஆனது.

நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்ட இளைஞர்கள் குகையில் ஒதுங்கி, இறைவனின் காவலில் நெடுங்காலம் உறங்கி எழுந்த இக்கதை கிறிஸ்தவ மரபிலும் உண்டு. திருக்குர்ஆனின் 18ஆம் அத்தியாயமான ‘கஹ்ஃப்’, அவர்கள் 300 ஆண்டுகளும் மேலும் 9 ஆண்டுகளும் அங்கே தங்கியதைச் சொல்கிறது. குகை வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த நாயையும் அது விட்டுவிடவில்லை. பெயர்கள் குர்ஆனில் இல்லை, பிற்கால மரபில் வந்தவை. நாயின் பெயர் கித்மீர். அப்பெயர்களை எழுதி வைத்தாலே ஆபத்து அணுகாது, கப்பல் மூழ்காது என்ற நம்பிக்கை பரவியிருந்ததால், ஹிஸாரியின் கப்பலில் அவை அலங்காரம் மட்டுமல்ல, காப்பும்கூட.

ரதபந்தத்தோடு ஒப்பிட்டது பொருத்தமே, ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ரதபந்தத்தில் எழுத்தின் வடிவம் மாறுவதில்லை. தேரின் கட்டங்களுக்கு இசையப் பாட்டைத்தான் புனைய வேண்டும். இங்கோ சொல்லை மாற்ற முடியாது, எழுத்துதான் வளைந்து கொடுக்கிறது. உதுமானியரின் இன்னொரு வகைக் கப்பல் ஓவியம் இதைத் தெளிவாகக் காட்டும். இறைவன், வானவர்கள், வேதங்கள், தூதர்கள் என்று நம்பிக்கையின் அம்சங்களை அடுக்கிச் சொல்லும் வாசகத்தில், ‘உம்’ என்ற பொருள் தரும் ‘வாவ்’ எழுத்து திரும்பத் திரும்ப வருகிறது. உருண்ட தலையும் வளைந்த வாலும் கொண்ட அந்த எழுத்தின் வாலைக் கீழ்நோக்கி நீளமாக இழுத்துவிட்டால் அதுவே துடுப்பு. வரிசையாக வரும் வாவ்கள் துடுப்பு வரிசையாகிவிடுகின்றன!

தடையைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளிவாசல்களிலும் குர்ஆன் பிரதிகளிலும் உயிருருவங்களைத் தவிர்த்தது உண்மைதான். ஆயினும் அதே உதுமானிய அரண்மனையில், சுல்தான்களின் வரலாற்று நூல்களுக்கு மனித உருவங்கள் நிறைந்த சிற்றோவியங்களைத் தீட்டினார்கள். தவிரவும், கப்பல் உயிருள்ள பொருளன்று. எழுத்தின் துணையில்லாமலே ஹிஸாரி அதை வரைந்திருக்கலாம். அந்தப் பெயர்கள் கப்பலோடு இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் எழுதினார் என்று கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.